வெளிநாட்டில் ஒருவர், தோட்டத்தில் ஒருவர்: இரு நண்பர்கள் சேர்ந்து காளான் தொழில் தொடங்க முழுமையான வழிகாட்டி

கட்டாரிலோ குவைத்திலோ ஓமானிலோ இருப்பவர் மாதாமாதம் கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கிறார். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவரோடு கூடப் படித்த நண்பர் இருக்கிறார். அவரிடம் நேரம் இருக்கிறது, கையில் காசு இல்லை. இருவரும் சேர்ந்து ஊரில் ஏதாவது போடலாம் என்ற பேச்சு நடக்காத கேம்ப் அறை இல்லை. பேச்சு ஓட்டோவில் தொடங்கி, கடை, கோழிப்பண்ணை என்று நீளும். காசு போகும், கணக்கு வராது, இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரும்போது ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்துகொண்டே முகம் பார்க்காமல் போகும் நிலை வந்துவிடும்.

இங்கே சிப்பிக் காளானை எடுத்துக்கொண்டதற்கு மூன்று காரணங்கள். மலையகத்தின் குளிர் அதற்கு ஒத்துப்போகும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கொட்டகை ஆரம்பத்துக்குத் தாராளம். மூன்றாவதுதான் முக்கியம்: மரத்தூள் நிரப்பிக் காளான் வளர்க்கும் பைகளை எண்ணலாம். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, எத்தனை வைத்தோம், எத்தனை பழுதானது, எத்தனை கிலோ வந்தது என்று தூரத்தில் இருப்பவரும் சரிபார்க்கலாம். கடையிலும் ஓட்டோவிலும் அது முடியாது. நண்பரை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே எழாதபடி தொழிலை அமைத்துவிட்டால், பாதிச் சண்டை தொடங்குமுன்பே தீர்ந்துவிடும்.

படி 1: காசு பேசுவதற்கு முன் இரண்டு மாதம்

நல்ல நண்பர் எல்லோரும் நல்ல பங்காளி ஆவதில்லை. பங்காளியிடம் வேண்டிய குணம் ஒன்றுதான்: கெட்ட செய்தியை அன்றைக்கே சொல்லிவிடுவது. “மச்சான் எல்லாம் ஓகே, நீ யோசிக்காதே” என்று மூன்று மாதம் சொல்லிவிட்டு நான்காம் மாதம் போனை எடுக்காதவரை விட, “இன்றைக்கு நாலு பை பூஞ்சணம் பிடித்துப் பச்சையாகிவிட்டது” என்று படம் அனுப்புபவர் ஆயிரம் மடங்கு மேல்.

இதை அறிய ஒரு சிறு வேலை கொடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் நான்கு விவரம் வேண்டும் என்று கேளுங்கள்: இறப்பர் மரத்தூள் எங்கே கிடைக்கிறது, மூட்டை என்ன விலை, லொறிக் கூலி எவ்வளவு; டவுனில் எந்த மரக்கறிக் கடைகள் காளான் வாங்குகின்றன, வாரத்துக்கு எத்தனை பொதி, காசு எப்போது கொடுப்பார்கள்; கொட்டகை போட இடம் எது; தண்ணீர் மாசி, பங்குனியிலும் வருமா. பஸ் காசும் போன் காசும் நீங்கள் கொடுங்கள், துண்டு அனுப்பச் சொல்லுங்கள். நான்கில் மூன்றுக்குச் சரியான பதில் வந்தால் தொடரலாம். ஒன்றுக்கும் வராவிட்டால் நண்பரை நண்பராகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதே காலத்தில் நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் காசை அந்த நண்பர் கையில் கொடுத்து அனுப்பும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அம்மாவின் மருந்துக் காசும் தொழில் காசும் ஒரே கையால் போனால், ஒரு நாள் தாமதம்கூட வீட்டில் வேறு மாதிரிப் பேசப்படும்.

படி 2: எழுத்து

நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குத் தொழில் உடன்படிக்கை எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது அது. இன்றைக்கு ஆயிரம் ரூபாவுக்கு ஒரு லொறிக் கூலிகூட வராது. ஆகவே வாய்ப்பேச்சுப் பங்கு நீதிமன்றத்தில் நிற்காது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பங்குத் தொழிலில் ஒருவர் தொழிலின் பேரில் வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. உங்களுக்குத் தெரியாமல் மரத்தூள்காரரிடம் வாங்கிய கடனுக்கும்தான். அதனால் “இவ்வளவு தொகைக்கு மேல் கடன் வாங்க இருவர் சம்மதமும் வேண்டும்” என்ற வரி கட்டாயம். வெளியாருக்கு எதிராக அது உங்களை முழுமையாகக் காப்பாற்றாது. இருவருக்குள் யார் பொறுப்பு என்பதைத் தெளிவாக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர் போட்டது கடனா, பங்கா என்பதில்தான் அதிகம் குழப்பம். கடன் என்றால், தொழில் கெட்டாலும் ஊரில் இருப்பவர் கடனாளி. ஒரு வருடம் மூட்டை தூக்கி, அடுப்பெரித்து, கடைசியில் கடனும் தலையில் விழுந்தால் நட்பு நிலைக்காது. பங்கு என்றால், வேலை செய்தவரின் உழைப்புக்கு என்ன விலை என்ற கேள்வி வரும். எங்கள் யோசனை இது:

முதல் நூறு பைக்கான செலவு வெளிநாட்டு நண்பருடையது. பழுதானால் அவர் திருப்பிக் கேட்பதில்லை என்று காகிதத்திலேயே எழுதுங்கள். அந்த நூறு பையும் முடியும்வரை அதற்கு மேல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். முதல் தொகுதி முடிந்த பிறகே பங்குத் தொழில். அதில் வேலை செய்பவருக்குத் தோட்டத்து நாள் சம்பளத்தை அளவாக வைத்து, வேலை செய்த நாளுக்குக் கூலி. அது செலவுக் கணக்கில் போகும். கையில் காசில்லாத மாதம் கூலியைத் ‘தொழில் கொடுக்க வேண்டியது’ என்று எழுதி வையுங்கள், விட்டுவிடாதீர்கள். கூலி போன பிறகு மிஞ்சுவதுதான் இலாபம். அதைப் பாதி பாதியாகப் பிரிக்கலாம். கூலி கொடுக்காமல் ‘இலாபத்தில் பாதி உனக்கு’ என்று சொல்வது, முதல் ஆறு மாதமும் அவர் சும்மா வேலை செய்ய வேண்டும் என்று சொல்வதுதான்.

காகிதத்தில் இருக்க வேண்டிய மற்றவை: யார் எவ்வளவு போட்டார், கணக்கு யார் எழுதுவது, இலாபம் பிரிக்கும் திகதி, பொருட்கள் யாருடையவை, ஒருவர் விலகினால் என்ன விலை, ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு. கடைசிக் கேள்வியைப் பேசக் கூச்சமாக இருக்கும். பேசுங்கள்.

தொழிலுக்குப் பெயர் வைத்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி கேட்பார்கள். தோட்ட முகவரி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே எடுத்து வைத்தால் அலைச்சல் குறையும். கையொப்பமிட நேரில் வர முடியாதவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் கையொப்பமிடும் அதிகாரம்) எழுதி அனுப்பலாம். ‘எல்லாக் காரியத்துக்கும்’ என்று பொதுவாகக் கொடுக்காமல், இந்தத் தொழில் பதிவுக்கும் வங்கிக் கணக்குக்கும் மட்டும் என்று எல்லை போட்டுக் கொடுங்கள்.

படி 3: காசு போகும் பாதை

தொழிலுக்குத் தனிக் கணக்கு. முடிந்தால் இருவர் பேரிலும். குறுஞ்செய்தி உங்கள் போனுக்கும் வரும்படி செய்யுங்கள். உண்டியலில் (வங்கி அல்லாத கைமாற்று வழியில்) அனுப்பினால் வீதம் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், ஆனால் எழுத்தில் எதுவும் இராது. நாளைக்கு ‘நீ போட்டது எவ்வளவு’ என்று பேச்சு வரும்போது வங்கித் துண்டு மட்டும்தான் பேசும்.

ஒதுக்கி வைத்த காசை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு கொட்டகைக்கும் பைகளை அவிக்கும் பீப்பாய்க்கும். ஒரு பங்கு மரத்தூள், காளான் வித்து, கூலி என்று சுழலும் காசு. மூன்றாவது பங்கைத் தொடாதீர்கள். கொட்டகைக்கே முக்கால்வாசியையும் கொட்டிவிட்டு இரண்டாம் தொகுதிக்கு மரத்தூள் வாங்கக் காசில்லாமல் நிற்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் சறுக்கல்.

கேம்பில் உள்ள மற்றவர்களிடம் ‘நீயும் ஒரு பங்கு போடு’ என்று காசு சேர்க்காதீர்கள். சீட்டுக் காசையும் இதில் போடாதீர்கள். சீட்டு மாதாமாதம் கட்ட வேண்டும். காளான் இரண்டு மாதம் கழித்துத்தான் முதல் ரூபாவைத் தரும். வளைகுடா நாடுகளில் விசாவில் உள்ள வேலையை விட்டு வேறு வேலை, வியாபாரம் செய்வதும் சிக்கலில் மாட்டிவிடும். உங்கள் பக்கத்தில் நடக்க வேண்டியது சேமிப்பும் கணக்குப் பார்ப்பதும் மட்டுமே.

படி 4: இடம்

லயன் காம்பராவுக்குப் பின்னால் வெற்று இடம் இருக்கிறது என்பதற்காகக் கம்பு நடாதீர்கள். தோட்டக் காணிகள் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தமானவை, கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. நிர்வாகத்தின் அனுமதி இல்லாத கொட்டகையை எந்த நேரமும் பிடுங்கச் சொல்லலாம். துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) வாயால் கேட்டால் போதாது. அவர் மாற்றலாகிப் போய்விடுவார். தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏழு பேர்ச் வீடு கிடைத்தவர்கள் வீட்டு முற்றத்திலேயே தொடங்குவது நிம்மதி. இல்லையென்றால் டவுன் ஓரத்தில் ஒரு பழைய அறையை வாடகைக்கு எடுங்கள்.

கொட்டகை வெயில் படாத பக்கம் இருக்க வேண்டும். தகரம் மட்டும் போட்டால் பகலில் கொதிக்கும், இரவில் வியர்த்துப் பைகள் மேல் சொட்டும். தகரத்துக்குக் கீழே மானாப்புல்லைப் பரப்பிக் கட்டினால் இரண்டும் குறையும். தரையில் இரண்டு அங்குலம் மணல். சுவரின் மேல்புறமும் கீழ்புறமும் காற்று வாசல் வைத்து நுளம்பு வலை அடியுங்கள். தேயிலைக்கு மருந்தடிக்கும் மலை பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கம் காற்று வாசல் வேண்டாம்.

வித்து ஓடும் (பைக்குள் பரவி வெள்ளையாகும்) அறை வேறு, காளான் பூக்கும் அறை வேறு. ஒரே கொட்டகையானாலும் நடுவே தடித்த பொலித்தீன் தொங்கவிடுங்கள்.

படி 5: முதல் நூறு பை

பத்துக் கிலோ மரத்தூளுக்கு இலங்கையில் வழக்கத்தில் உள்ள கலவை: புதிய அரிசித் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், பயறு மா அல்லது சோயா மா 100 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம். இதில் ஏறக்குறைய இருபதிலிருந்து இருபத்தைந்து பை வரும். நூறு பைக்கு 50 கிலோ மரத்தூள் என்று வைத்தால் தவிடு 5 கிலோ, கல்சியம் காபனேற்று 1 கிலோ, மா 500 கிராம், மக்னீசியம் சல்பேற்று 100 கிராம். பின்னதை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். அப்படியே தூவினால் ஒரு மூலையில் தங்கிவிடும்.

மரத்தூள் இறப்பர் மரத்தினுடையதாக இருந்தால் நல்லது. அது அவிசாவளை, யட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து ஏற வேண்டும். லொறிக் கூலி அதிகம் என்று, பக்கத்து ஆலையில் அறுக்கும் யூக்கலிப்டஸ், பைனஸ் தூளை எடுக்கத் தோன்றும். அவற்றின் எண்ணெயும் பிசினும் காளானுக்கு ஆகாது. மருந்தில் ஊறவைத்த பலகை அறுத்த தூளும் வேண்டாம். தளபாட ஆலையிலிருந்து எடுப்பதானால் இதை வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள்.

ஈரப்பதம் சரியா என்பதைக் கையால் பார்க்கலாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. கையைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும். தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். சொட்டினால் தண்ணீர் அதிகம், பை புளித்துப் போகும். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் வித்து ஓடாது.

பை 7 அங்குலம் அகலம், 14 அங்குலம் நீளம், 200 கேஜ் பொலிப்ரொப்பிலீன். சாதாரணப் பொலித்தீன் ஆவியில் சுருங்கிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ அளவுக்குக் கலவையை அழுத்தி நிரப்பி, வாயில் பீவீசீ வளையம் போட்டு, பஞ்சால் அடைத்து, மேலே காகிதம் வைத்து இறப்பர் வளையத்தால் கட்டுங்கள். அன்று நிரப்பியதை, கிருமி சாக, அன்றே ஆவியில் ஏற்ற வேண்டும். ஒரு இரவு வைத்தாலும் புளிக்கத் தொடங்கும்.

இனி மலையகத்துக்கே உரிய ஒரு விடயம். கொழும்பிலோ குருணாகலிலோ பயிற்சி எடுத்தவர் சொல்லும் ஆவி நேரத்தை அப்படியே இங்கே எடுக்காதீர்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் 96 பாகை அளவில் கொதிக்கும். நுவரெலியாவில் 94 பாகை. ஆவி வெளியேறும்படி மூடிய பீப்பாயில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆகவே கீழ்நாட்டில் ஆறு மணித்தியாலம் என்றால் இங்கே எட்டு மணித்தியாலம் வையுங்கள். மூடி இடுக்கால் ஆவி சீறத் தொடங்கிய பிறகுதான் எண்ண வேண்டும், அடுப்பு மூட்டிய நேரத்திலிருந்து அல்ல.

200 லீற்றர் பீப்பாயின் அடியில் அரை அடி தண்ணீர், அதன்மேல் கம்பித் தட்டு, அதன்மேல் பைகள் நிமிர்ந்தபடி. நடுவில் தண்ணீர் வற்றினால் பைகள் கருகும், ஆகவே நான்காம் மணித்தியாலத்தில் கொதிநீர் சேருங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்றுவிடும். கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளைகள்) நன்றாக எரியும், ஆனால் சீக்கிரம் அணையும். இரவில் அடுப்பைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். அவருடைய கூலியையும் கணக்கில் எழுதுங்கள்.

ஒரு முழு நாள் ஆறவிட்டு, மறுநாள் விடியற்காலை காற்றில்லாத அறையில் வித்துப் போடுங்கள். சூடு ஆறாத பையில் போட்டால் வித்துச் செத்துவிடும். கையையும் வித்துப் போத்தல் வாயையும் ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்பிரிட் விளக்குப் பக்கத்தில் வைத்து, பைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி. ஒரு போத்தல் இருபத்தைந்து பை வரை காணும். நூறு பைக்கு ஐந்து போத்தல் வாங்கி வையுங்கள். போத்தல் முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் பச்சையோ கறுப்போ கண்டால் திருப்பிக் கொடுங்கள். நல்ல வித்து எங்கே கிடைக்கும், பயிற்சி எப்போது என்று விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேட்கலாம். கன்னொருவையில் உள்ள திணைக்கள நிலையத்திலும் விசாரிக்கலாம்.

ஒவ்வொரு பையிலும் அழியாத பேனாவால் தொகுதி எழுத்தும் இலக்கமும்: அ-1 முதல் அ-100 வரை.

பிறகு காத்திருப்பு. 25 பாகைச் சூட்டில் மூன்று, நான்கு வாரத்தில் பை வெள்ளையாகிவிடும். மலையகக் குளிரில் ஆறு வாரம்கூட எடுக்கும். இந்த இடத்தில்தான் வெளிநாட்டில் இருப்பவர் “இன்னும் ஒன்றும் இல்லையா?” என்று தினமும் கேட்டு, ஊரில் இருப்பவர் எரிச்சலில் பையை நேரத்துக்கு முன்பே வெட்டிவிடுகிறார். அரைகுறையாக வெள்ளையான பையை வெட்டினால் அறுவடை பாதிதான். பை அடிவரை வெள்ளையாகி, கையில் தட்டினால் கெட்டியாக இருக்கும்போது பூக்கும் அறைக்கு மாற்றி, பக்கத்தில் நான்கு இடத்தில் ஒரு அங்குலம் கீறுங்கள். தரை மணலை நனைத்து, ஈரச் சாக்குகளைத் தொங்கவிடுங்கள். ஏழிலிருந்து பத்து நாளில் முதல் காளான் வரும். அதன்பின் இரண்டு வாரத்துக்கொரு முறை, நான்கு ஐந்து தடவை. ஒரு பை முழுக் காலத்துக்கும் 250 முதல் 300 கிராம் தரும் என்று கணக்குப் போடுங்கள். கூட வந்தால் சந்தோஷம்.

படி 6: படத்தைப் பார்த்துப் பழுதைச் சொல்ல

வாரம் ஒரு தடவை மூன்று படம் போதும். ஒரே இடத்தில் நின்று எடுத்த, பைகள் அடுக்கிய தட்டின் படம், சந்தேகமான பை இலக்கத்துடன், கணக்குக் கொப்பியின் பக்கம். இதைப் பார்த்து நீங்கள் கேட்க வேண்டியவை:

பச்சைப் பூஞ்சணம் பை முழுக்கப் பரவலாக இருந்தால் ஆவி போதவில்லை, அல்லது தவிடு அதிகம். வாய்ப் பக்கத்தில் மட்டும் என்றால் வித்துப் போடும்போது அழுக்குப் பட்டிருக்கிறது. பஞ்சில் செம்மஞ்சள் தூள் தெரிந்தால் பஞ்சு நனைந்திருக்கிறது; அது காற்றில் பறந்து ஒரே நாளில் தட்டு முழுக்கப் பரவும், உடனே ஈரத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். பையடியில் மஞ்சள் நீர், புளித்த வாடை என்றால் கலவையில் தண்ணீர் அதிகம். காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்றோட்டம் இல்லை. குடை ஓரம் வெடித்தால் ஈரம் இல்லை. சிறு மொட்டுகள் மஞ்சளாகி வாடினால் யாரோ மொட்டின் மேலேயே தண்ணீர் தெளிக்கிறார்கள்.

முதல் தொகுதியில் நூற்றில் பத்துப் பை பழுதாவது சகஜம். இருபதைத் தாண்டினால் அடுத்த தொகுதியை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். தேடும்போது ‘நீ’ என்று தொடங்காதீர்கள். “எந்தப் பீப்பாயில் ஏறிய பைகள் பழுதாகின?” என்று இலக்கத்தைக் கேளுங்கள். அ-41 முதல் அ-60 வரை வரிசையாகப் போயிருந்தால் ஒரு பீப்பாயில் ஆவி நின்றிருக்கிறது. இங்கொன்றும் அங்கொன்றும் என்றால் வித்துப் போட்ட கையில் கோளாறு.

மழைக்காலத்தில் மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம், வைகாசியிலிருந்து காற்று ஈரமாகவே இருக்கும். தண்ணீர் தெளிப்பதை நாளுக்கு ஒன்றாகக் குறைத்துக் காற்று வாசலைக் கூடத் திறக்க வேண்டும். அறுவடை செய்பவர் வாயை மூடித் துணி கட்டட்டும். காளானின் வித்துத்தூள் தொடர்ந்து மூச்சில் போனால் இருமல் பிடிக்கும்.

படி 7: விற்பனை

குடை ஓரம் மேல்நோக்கி விரியுமுன் காலையில் பறித்து, 200 கிராம் பொதியாக, ஊசித் துளையிட்ட பையில். பறித்த அன்றே கடைக்குப் போக வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும்.

கடைக்காரருக்கு வேண்டியது ஒழுங்கு. ஒரு வாரம் ஐம்பது பொதி, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால் தட்டில் உங்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். அதனால் ஒரே தடவையில் நானூறு பை போடாமல், இரண்டு வாரத்துக்கு நூறு என்று அடுக்கிப் போடுங்கள். அந்த ஓட்டம் பிடித்தால் நாளுக்கு இரண்டு கிலோ, அதாவது பத்துப் பொதி, நிற்காமல் வரும். இது இரண்டு மூன்று கடைக்கே போதும்.

வெள்ளிக்கிழமை, போயா, புரட்டாதிச் சனி என்று மரக்கறி சமைக்கும் நாட்களுக்கு முதல் நாள் மாலை சரக்குக் கடையில் இருக்க வேண்டும். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். நல்லதண்ணி வழியில் உள்ள சாப்பாட்டுக் கடைகளை அதற்கு இரண்டு மாதம் முன்பே போய்ப் பாருங்கள். தோட்டத்துக்குள் விற்பதானால் பத்தாம் திகதிச் சம்பளத்துக்குப் பிந்திய வாரம் நல்லது. மாதக் கடைசியில் எல்லாம் கடன்தான்.

கடன் கொடுக்காமல் இங்கே எதுவும் விற்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு கடைக்கு இரண்டு வாரச் சரக்குக்கு மேல் நிலுவை நிற்கக் கூடாது. சொந்தக்காரர், கோயில் திருவிழா, தலைவர் வீட்டு விசேஷம் என்று சும்மா போகும் பொதிகளையும் மறைக்க வேண்டாம். வாரத்துக்கு ஐந்து பொதி ‘ஓசி’ என்று இருவரும் ஒத்துக்கொண்டு ஒரு நிரலே போடுங்கள். எழுதாத ஓசிதான் சந்தேகமாக மாறும்.

படி 8: கணக்கும் பேச்சும்

கொப்பியின் ஒரு வாரப் பக்கம் இந்த அளவு இருந்தால் போதும் (விலை உதாரணத்துக்கு):

அ தொகுதி, முதல் அறுவடை. பை 92, பழுது 8.
பறித்தது 9.4 கிலோ, பொதி 47.
காசுக்கு 28 × 150 = 4,200.
கடனுக்கு 12 × 150 = 1,800 (மார்க்கெட் கடை).
ஓசி 3. விற்காமல் திரும்பியது 4.
கூலி 3 நாள். விறகு, ஓட்டோ துண்டு பின்பக்கம் ஒட்டியிருக்கிறது.

28, 12, 3, 4 கூட்டினால் 47 வர வேண்டும். வராத வாரம் அன்றே கேளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அது விசாரணையாகிவிடும்.

பேச்சுக்கு நேரம் குறியுங்கள். ஊரில் இரவு எட்டு மணி என்றால் கட்டார், குவைத், சவூதியில் மாலை 5.30; டுபாயிலும் ஓமானிலும் 6.30. தொழில் பேச்சு அரை மணி. அதன்பிறகு போனை வைத்துவிட்டு, வேறொரு நாள் சும்மா பேச எடுங்கள். ஒவ்வொரு அழைப்பும் ‘எத்தனை பொதி’ என்றே தொடங்கினால் கொஞ்ச நாளில் நண்பர் போய் மேற்பார்வையாளரும் வேலையாளும் மிஞ்சுவார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்குப் போன் நேரம் தங்கள் கையில் இராது. அவர்கள் குரல் பதிவிலேயே நடத்தலாம்: கணக்கு ஒரு பதிவு, சுகம் விசாரிப்பது வேறு பதிவு.

லீவில் ஊருக்கு வரும்போது முதல் வாரம் எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். மூட்டை தூக்கி, அடுப்புக்கு ஒரு இரவு விழித்திருந்து, கடைக்கு ஒரு தடவை கூடப் போய்விட்டுப் பிறகு பேசுங்கள்.

படி 9: பெருப்பிப்பதும் பிரிவதும்

அடுத்தடுத்த இரண்டு தொகுதியில் பழுது நூற்றில் ஐந்துக்குக் கீழே நின்று, கடன் நிலுவை முழுக்கக் கைக்கு வந்த பிறகே கூட்டுங்கள். அதுவும் இரட்டிப்பு மட்டும். நூறிலிருந்து ஆயிரத்துக்குத் தாவினால் வேலையாள் வேண்டும், பீப்பாய் போதாது, சரக்கு தேங்கும். மூன்றும் ஒரே மாதத்தில் வரும்.

பங்குத் தொழில் உடைவதற்குச் சண்டை மட்டும் காரணமில்லை. ஊரில் வேலை செய்த நண்பருக்கே விசா வந்துவிடும். அவரைத் தடுக்க உங்களுக்கு முகம் இராது; நீங்களும் அப்படிப் போனவர்தான். ஆகவே முதல் நாளிலேயே எழுதுங்கள்: விலகுபவர் இரண்டு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அதற்குள் இன்னொருவருக்கு ஆவி ஏற்றவும் வித்துப் போடவும் பழக்கிவிட வேண்டும். பங்கின் விலைக்கு இந்த அளவுகள் நியாயமானவை: இன்னும் பறிக்காத பைக்குச் செய்த செலவு, முதல் அறுவடை முடிந்ததற்குப் பாதி, மூன்றாவது முடிந்ததற்கு ஒன்றுமில்லை. பீப்பாய், தட்டுக்கு வாங்கிய விலையில் வருடத்துக்கு மூன்றிலொன்று கழிவு. கடையில் நிற்கும் கடனில் அறுபது நாளுக்குள் கைக்கு வந்தது மட்டும் கணக்கு. கொடுக்காமல் எழுதி வைத்த கூலியை இலாபத்துக்கு முன் தீர்க்க வேண்டும்.

கொட்டகையைக் கைமாற்றும்போது பழைய பைகளை எல்லாம் தூரமாகக் கொண்டுபோய்க் குழியில் போட்டு மூடுங்கள். ஆறு மாதத்தில் மரக்கறிப் பாத்திக்கு நல்ல பசளை. மணலை அள்ளி மாற்றி, தட்டுகளைக் குளோரின் கலந்த தண்ணீரால் கழுவி, இரண்டு வாரம் காயவிட்ட பிறகு சாவியைக் கொடுங்கள். பழைய பூஞ்சணம் கிடக்கும் கொட்டகையில் புதியவரின் முதல் தொகுதியே பச்சையாகிவிடும்.